எந்தச் செம்பனைக் கன்றை நடுவது?

மாணவர்களே, புக்கிட் பெலண்டோக் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களில், மரத்தடியில் சிறு கன்றுகள் முளைத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். உதிர்ந்த பழத்திலிருந்து தாமாக முளைத்தவை அவை. பிடுங்கி நட்டால் காசு மிச்சம்தானே என்று தோன்றும். ஆனால், அப்படி நட்டவருக்கு நட்டமே மிஞ்சும். காரணம், பழத்துக்குள் பருப்பைச் சுற்றியிருக்கும் ஓடு.

செம்பனையில் மூன்று வகை உண்டு.

டூரா: ஓடு தடிமனானது, 2 முதல் 8 மில்லிமீட்டர் வரை இருக்கும். எண்ணெய் தரும் சதை குறைவு.

பிசிஃபெரா: ஓடே கிடையாது. ஆனால், குலைகள் பெரும்பாலும் முற்றும் முன்பே அழுகிவிடும்.

டெனெரா: இவ்விரண்டின் கலப்பு. ஓடு மெல்லியது, சதை அதிகம். டூராவைவிட ஏறக்குறைய 30 விழுக்காடு கூடுதலாக எண்ணெய் தரும். இன்று நம் தோட்டங்களில் நிற்பவை பெரும்பாலும் இவைதாம்.

ஓட்டைத் தீர்மானிப்பது ஒரே ஒரு மரபணு என்று 1941இல் காங்கோவில் பணியாற்றிய ஆய்வாளர்கள் விளக்கினர். மெண்டலின் பட்டாணிக் கணக்குதான் இங்கும். தாய் டூரா, தந்தை பிசிஃபெரா என்றால், கன்றுகள் அனைத்தும் டெனெரா. அதனால்தான் விதை தயாரிப்பவர்கள் டூராவின் பெண் பூங்கொத்தைப் பையிட்டு மூடி, பிசிஃபெராவின் மகரந்தத்தை மட்டும் அதில் தூவுகிறார்கள்.

தோட்டத்திலோ டெனெராவோடு டெனெரா சேர்கிறது. அப்போது கால் பங்கு டூரா, பாதி டெனெரா, கால் பங்கு பிசிஃபெரா என்று பிரியும். ஒரு ஹெக்டரில் 136 கன்றுகள் நட்டால், சராசரியாக 68 மட்டுமே டெனெரா. 34 மரங்கள் எண்ணெய் குறைந்த டூரா; மீதி 34 அநேகமாகக் குலையே தராத பிசிஃபெரா.

நாற்றங்காலில் மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும். காய்க்க ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆகும். அதுவரை போட்ட உரமும் கூலியும் திரும்பி வராது. மரத்தை அப்படியே விட்டாலோ நட்டம் 25 ஆண்டு தொடரும்.

2013இல் மலேசிய செம்பனை எண்ணெய் வாரிய ஆய்வாளர்கள், அமெரிக்க ஆய்வாளர்களுடன் சேர்ந்து அந்த மரபணுவை அடையாளம் கண்டனர். இப்போது இலைத்துண்டைச் சோதித்தே கன்றின் வகையை அறியலாம்.

நீங்களும் சோதிக்கலாம். பெரியவர்களின் உதவியோடு ஒரு பழத்தைக் குறுக்கே வெட்டுங்கள். மெல்லிய ஓட்டைச் சுற்றிக் கரிய நார்ப்புள்ளிகள் வளையமாகத் தெரிந்தால், அது டெனெரா. வீட்டில் மறுநடவுப் பேச்சு எழுந்தால், கன்று உரிமம் பெற்ற நாற்றங்காலில் வாங்கியதா என்று கேளுங்கள்.