வீட்டுவண்டியும் சரளைக் கற்களும்

ஆஸ்திரேலியா தேசத்தில் மோட்டார் காருக்குப் பின்னே காரவான் என்னும் சிறு வீட்டுவண்டியைப் பூட்டி நெடும் பிரயாணம் செய்யும் குடும்பங்கள் அநேகம். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி யாவும் அவ்வண்டியிலேயே அடங்கியிருக்கும். தார் ரஸ்தாவில் இதற்கு அபாயம் சொற்பமே. ஆனால், மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லிப் பிரதேசத்தில் சுமார் 400 மைல் நீளமுள்ள கிப் ரிவர் ரோடு போன்ற வழிகளில் நெடுந்தூரம் சரளையே. அங்கே கல்லடிதான் வண்டிக்குப் பெருஞ்சத்துரு.

கல் எவ்வாறு வந்து தாக்குகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். காரின் பின்சக்கரம், டயர்ப் பள்ளங்களில் கவ்விய கல்லை மேலே எழுப்பிவிடுகிறது. கல் அந்தரத்தில் இருக்கும்போதே வீட்டுவண்டி விரைந்து வந்து அதன்மீது மோதுகிறது. ஆகவே அடியின் பலம் வண்டியின் வேகத்தையே பெரிதும் பொறுத்தது. மெல்லிய அலுமினியத் தகடு நெளிகிறது. கட்டைவண்டியில் ஏர்க்கால் இருக்கும் இடத்தில் இதற்கு இழுவைச் சட்டம் உண்டு. அதன்மேல் பொருத்திய எரிவாயு உருளையின் வால்வும் குழாயும் சேதமுறலாம். விசித்திரம் யாதெனில், அக்கல் வண்டியின் முகப்பில் பட்டு முன்னோக்கித் தெறித்துக் காரின் பின்புறக் கண்ணாடியையே தூளாக்கிவிடுவதும் உண்டு. மாற்றுக் கண்ணாடி கிடைக்கும் பட்டணமோ நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால்.

கனத்த இரும்புத் தகட்டை நிறுத்தினால் போதும் என்று சிலர் எண்ணுவர். அது சரியன்று. விறைப்பான தகட்டில் பட்ட கல் வேகமாகத் திரும்பும். காரின் பின்புறத்திற்கும் இழுவைச் சட்டத்திற்கும் இடையே உறுதியான வலைத்துணியைச் சாய்வாகக் கட்டுவதே மேலான உபாயம். துணி சற்று உள்வாங்கி, வேகத்தைத் தணித்து, கல்லைத் தரையிலேயே வீழ்த்திவிடும். வளைவில் திரும்புகையில் கிழியாதபடி தளர்வு விடவேண்டும். புகைக்குழாயின் சூடு படாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். சக்கரங்களின் பின்னே தொங்கும் ரப்பர் மடல்கள் இதற்குத் துணையாகுமேயன்றித் தாமே போதா.

வீட்டுவண்டியின் சொந்தச் சக்கரங்களும் கல்லெறியும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். அடித்தளத்திலுள்ள தண்ணீர்க் குழாய், பிரேக்குக் கம்பி ஆகியவற்றிற்குப் பழைய ரப்பர்க் குழாயை நீளவாட்டில் பிளந்து உறையாக மாட்டலாம். செலவு அற்பம்.

மணிக்கு 50 மைல் வேகத்தில் ஓட்டுபவர் 35 மைலுக்குக் குறைத்தால் கல்லடியின் வலிமை ஏறக்குறையப் பாதியாகும். டயர்க் காற்றையும் சிறிது குறைப்பது வழக்கம். அவ்வாறு குறைத்தவர் தார் ரஸ்தாவை அடைந்ததும் மீண்டும் நிரப்பாவிடில் டயர் சூடேறி வெடிக்கக்கூடும். எதிரே வண்டி வரும்போது இடப்புறம் ஒதுங்கி மெல்லச் செல்வது அவசியம். எதிர்வண்டி எழுப்பும் கல்லை இவ்வலை தடுக்காது.