கடலிலிருந்து புற்றுநோய் மருந்து: எதை நம்பலாம்?



மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் குடும்பங்களில் சிலர், "சுறா மீனின் குருத்தெலும்புத் தூள் நுரையீரல் புற்றுநோயைக் குணமாக்குமாமே, அதை வாங்க உதவுவீர்களா?" என்று கேட்கிறார்கள். அதற்கான பதிலை எல்லோருக்கும் பொதுவாக இங்கே எழுதுகிறோம்.

கடலில் மருந்து இருப்பது உண்மையே. கரீபியன் கடலில், அலையாத்தி மரங்களின் வேர்களில் ஒட்டி வாழும் பை போன்ற சிற்றுயிர் ஒன்று உண்டு. அதில் கிடைத்த வேதிப்பொருளை முன்மாதிரியாகக் கொண்டு ஆய்வுக்கூடத்தில் தயாரிக்கப்பட்டதுதான் லர்பினெக்டெடின் என்ற மருந்து. முதல் கீமோதெரபிக்குப் பிறகும் முற்றிய சிறுசெல் வகை நுரையீரல் புற்றுநோய்க்கு இதைப் பயன்படுத்த 2020 ஜூனில் அமெரிக்க அரசு அனுமதித்தது. சோதனையில் பங்கேற்ற 105 பேரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் கட்டி சுருங்கியது. அந்தப் பலன் பெரும்பாலோருக்குச் சில மாதங்களே நீடித்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை, இரத்த அணுக்களின் அளவைக் கவனித்தபடி, மருத்துவமனையில் நரம்பு வழியாகவே இதை ஏற்ற வேண்டும். கடையில் வாங்கிச் சாப்பிடும் பொருள் அல்ல.

சுறாவின் கதை வேறு. சுறாவுக்குப் புற்றுநோயே வராது என்ற பேச்சிலிருந்து அந்த வியாபாரம் வளர்ந்தது. உண்மையில் சுறாவுக்கும் புற்றுநோய் வருகிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் நுரையீரல் புற்றுநோயாளிகள் 379 பேரிடம் குருத்தெலும்புச் சாற்றைச் சோதித்தார்கள். வழக்கமான சிகிச்சையோடு அதைக் குடித்தவர்கள், குடிக்காதவர்களைவிடக் கூடுதல் காலம் வாழவில்லை என்று 2007இல் தெரியவந்தது.

இரண்டும் கடலிலிருந்து வந்தவைதாம். ஒன்று சோதனையில் தேறியது, மற்றது தேறவில்லை. இதுவே வித்தியாசம்.

ஆகவே அத்தகைய தூள்களுக்கு நம் நிதியிலிருந்து உதவ இயலாது. இது ஸதகாவாக வந்த அமானிதப் பணம். மருத்துவர் எழுதித் தந்த சிகிச்சைக்கு, சீட்டையும் காப்பீட்டு அட்டையையும் கொண்டு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், இயன்றதைச் செய்கிறோம். வீட்டில் வேறு எதையாவது கொடுத்து வந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அதை நம்பிக் கீமோதெரபியை நிறுத்திவிடாதீர்கள்.

நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்கு வழிகாட்டியிருக்கிறார்கள். மருந்தைத் தேடுவது நம் கடமை, ஷிஃபா அல்லாஹ்விடமிருந்து. பீடி, சிகரெட் பிடிக்கும் வாப்பாமாரும் தம்பிமாரும் அதை இன்றே விட்டுவிடுவது, எந்தக் கடல் மருந்தையும் தேடி அலைவதைவிட மேல்.