அன்னதான ஊரிலும் எடை ஏறாத குழந்தை

திருவண்ணாமலையில் சோற்றுக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அருணாசலேஸ்வரர் கோயிலில் அன்னதானம் உண்டு. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் தனியாரும் போடுகிறார்கள். பௌர்ணமி வந்துவிட்டால் சாம்பார் சாதமும் பொங்கலும் தொன்னை தொன்னையாகக் கைக்கு வரும். அதே பாதையோரத்தில் பூ கட்டியும் பொம்மை விற்றும் பிழைக்கிற குடும்பங்களின் கைக்குழந்தைகளுக்கும் அன்றைக்கு அதுதான் சாப்பாடு.

வயிறு நிறைந்துவிடுகிறது. எடை ஏறுகிறதா என்பதுதான் கேள்வி. ஒரு வயதுக் குழந்தையின் வயிறு சின்னது. ஒரே வேளையில் அள்ளிப் போட்டால் கொள்ளாது. நாளுக்கு மூன்று நான்கு வேளை கொஞ்சம் கொஞ்சமாக, பருப்பு, முட்டை, கீரை, ஒரு ஸ்பூன் எண்ணெய் என்று சேர்த்துக் கொடுக்க வேண்டும். தொன்னைச் சாதத்தில் பெரும்பாலும் இருப்பது மாவுச்சத்து. டீயில் நனைத்த பிஸ்கட் அழுகையை நிறுத்தும். ஆனால், அந்த டீ உணவிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் சரியாகச் சேரவிடாது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட நான்கு குழந்தைகளில் ஒன்றுக்கு வயதுக்கேற்ற உயரமில்லை. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை உள்ளவர்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை.

ஆயிரம் நாள் கணக்கு

கருவில் 270 நாள், பிறந்து இரண்டு ஆண்டுகளுக்கு 730 நாள். மூளை மிக வேகமாக வளரும் காலம் இது. பிறக்கும்போது குழந்தை இரண்டரைக் கிலோவாவது இருக்க வேண்டும். அந்த எடை ஏறத்தாழ ஐந்தாம் மாதத்தில் இரண்டு மடங்காகவும், முதல் பிறந்தநாளில் மூன்று மடங்காகவும் ஆக வேண்டும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், ஆறு மாதம்வரை அது மட்டுமே. சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால், வசம்பு எதுவும் வேண்டாம்.

திட்டம் உண்டு, கூலி போகிறது

ஏழைக் கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி, இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து 18,000 ரூபாய். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசப் பரிசோதனை. அங்கன்வாடியில் சத்துமாவு, மதிய உணவு, முட்டை. பிறவிக் குறைபாட்டையும் வளர்ச்சித் தாமதத்தையும் கண்டுபிடிக்க ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கே வரும் நடமாடும் மருத்துவக் குழு. ரேஷன் அரிசி தனி.

சிக்கல், இவையெல்லாம் தனித்தனி நாளில், தனித்தனி வாசலில் கிடைப்பதுதான். செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்கு, புதன்கிழமை தடுப்பூசிக்கு. எடை போட ஒரு நாள், வங்கிக் கணக்கு சரிபார்க்க ஒரு நாள், ஆதாரில் முகவரி மாற்ற இன்னொரு நாள். மாதச் சம்பளக்காரருக்கு இது அலைச்சல். தினக்கூலிக்காரிக்கு இது சம்பளவெட்டு. 

“போன மாசம் எடை போட வரவேயில்லையேம்மா?”

“பௌர்ணமி வந்துடுச்சு டீச்சர். யாபாரத்த வுட்டுட்டு எப்பிடி வர்றது?”

அங்கன்வாடி வாசலில் இந்த ஊரில் நடக்கக்கூடிய பேச்சுதான் இது. அந்தத் தாயை அலட்சியக்காரி என்று சொல்லிவிடுவது சுலபம். துறைகளைக் கோத்துக்கொடுக்கும் வேலையை அவள் தலையில் கட்டியது நாம் என்பதை யோசித்தால் அப்படிச் சொல்ல வாய் வராது.

இன்னொரு ஓட்டையும் உண்டு. மகப்பேறு நிதியுதவி 19 வயது நிறைந்தவர்களுக்குத்தான். குழந்தைத் திருமணத்தை ஊக்குவிக்கக் கூடாது என்பதற்கான நிபந்தனை அது, நியாயமும் இருக்கிறது. ஆனால், 17 வயதில் கர்ப்பமான பெண்ணுக்குத்தான் ரத்தசோகைக்கும் குறைந்த எடைப் பிரசவத்துக்கும் வாய்ப்பு அதிகம். போக்சோ வழக்கு வந்துவிடுமோ என்ற பயத்தில் வீட்டார் அவளைப் பதிவுக்கே அழைத்து வருவதில்லை. வழக்கு அதன் வழியில் போகட்டும். இரும்புச்சத்து மாத்திரைக்கும் ரத்த அழுத்தப் பரிசோதனைக்கும் அது தடையாக இருக்கக் கூடாது. வயது எதுவானாலும் அரசு மருத்துவமனை அவளுக்குச் சிகிச்சை தந்தாக வேண்டும்.

மூன்று நிறப் பட்டை

அங்கன்வாடி டீச்சரிடம் ஒரு காகிதப் பட்டை இருக்கும். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறம். குழந்தையின் இடது கையில் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே, இறுக்காமல் தொய்யாமல் சுற்றிப் பார்ப்பார்கள். 12.5 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் பச்சை. 11.5-க்குக் கீழே போனால் சிவப்பு. அது கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை இந்த அளவு பொருந்தும். இரண்டு பாதங்களின் மேற்புறத்தையும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்தி எடுத்துப் பாருங்கள்; குழி அப்படியே நின்றால், எடை சரியாக இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை.

கிரிவல நாட்களில் பாதையில் மருத்துவ முகாமும் ஆம்புலன்ஸும் நிற்கின்றன. அந்த முகாம்களில் ஒரு எடை மெஷினும் இந்தப் பட்டையும் தடுப்பூசிப் பதிவேடும் வைத்து, ஒரு நர்ஸையும் உட்காரவைத்தால், வியாபாரத்தை விட முடியாத தாய்மார் இருக்கும் இடத்திலேயே பாதி வேலை முடியும். அன்னதானம் செய்கிறவர்கள் ஒரு அவித்த முட்டையோ சுண்டலோ சேர்த்துக் கொடுக்கலாமே என்று கேட்கத் தோன்றும். முட்டை அந்தப் பாதையில் நடக்காது, தெரியும். சுண்டல் நடக்கும். சின்னக் குழந்தைக்கு அதை மசித்துத்தான் ஊட்ட வேண்டும். முழுசாகக் கொடுத்தால் தொண்டையில் சிக்கிக்கொள்ளும்.

கிங்ஸ்டனில் கண்டது

வயிற்றுக்கு மட்டும் கொடுத்தால் போதுமா? 1980-களில் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரத்து ஏழைக் குடியிருப்புகளில், வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை சாலி கிரந்தம்-மக்கிரிகோர் குழுவினர் இரண்டாண்டு பின்தொடர்ந்தார்கள். சிலருக்குச் சத்துணவு. சிலரின் வீடு தேடி வாரம் ஒருமுறை சுகாதாரப் பணியாளர் வந்து, குழந்தையோடு விளையாடவும் பேசவும் தாய்க்குக் கற்றுத் தந்தார். சிலருக்கு இரண்டும், சிலருக்கு எதுவும் இல்லை. இருபது ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, விளையாட்டும் பேச்சும் கிடைத்தவர்களின் சம்பாத்தியம் கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் கூடுதல். சத்துணவு மட்டும் பெற்றவர்களிடம் அந்தப் பலன் நிலைக்கவில்லை.

தமிழகத்து அங்கன்வாடிகளிலேயே நடந்த ஓர் ஆய்வும் இருக்கிறது. கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் சில மையங்களில் கூடுதலாக ஒரு பகுதிநேரப் பணியாளரை நியமித்துப் பார்த்தார்கள். முன்பருவக் கல்வி நேரம் இரட்டிப்பானது. கணக்கிலும் மொழியிலும் குழந்தைகள் முன்னேறினார்கள். கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடும் குறைந்தது. பதிவேடு எழுதுவது, பாட்டுச் சொல்லித்தருவது, வீடு வீடாகப் போவது எல்லாம் ஒரே டீச்சர் என்றால் ஏதோ ஒன்று விடுபடத்தான் செய்யும். திட்டங்களைக் கோக்கப் புது மென்பொருள் வருவதைவிட, ஒரு ஆள் கூடுதலாக வருவது நல்லது என்பது என் கட்சி.

வீட்டில் விளையாட்டுக்கும் பேச்சுக்கும் காசு வேண்டாம். பூ கட்டிக்கொண்டே “இது சாமந்தி, இது மல்லி” என்று பேசலாம். தட்டும் ஸ்பூனும் போதும் தாளம் போட.

ஜவ்வாது மலையும் பெங்களூரும்

இதே மாவட்டத்து ஜவ்வாது மலைக் குடியிருப்புகளில் தூரம்தான் முதல் நோய். பிரசவத் தேதி நெருங்கும்வரை காத்திராமல், முன்கூட்டியே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து தங்கிவிடுவது பாதுகாப்பு. தமிழக மலைப்பகுதிகளில் இதற்கென்றே காத்திருப்பு அறைகள் உண்டு. நர்சம்மாவிடம் ஏழாம் மாதத்திலேயே கேட்டுவையுங்கள். அவசரத்துக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104.

செங்கம் பக்கமிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்கோ, செங்கல் சூளைக்கோ போகிற குடும்பங்கள் துணிமணியோடு தாய்-சேய் நல அட்டையையும் எடுத்துக்கொள்ள வேண்டும். கர்ப்பப் பதிவான பிக்மி எண்ணைக் கைபேசியில் படம் பிடித்து வையுங்கள். பிறப்புச் சான்றிதழுக்கும் அது தேவைப்படும். கிளம்புமுன் டீச்சரிடம் சொன்னால், அங்கன்வாடிச் செயலியான போஷன் டிராக்கரில் குழந்தையின் பெயரைப் போகிற ஊர் அங்கன்வாடிக்கு மாற்ற வழியிருக்கிறது. அங்கே ரேஷன் கார்டு இல்லை, கன்னடம் தெரியாது என்று தயங்க வேண்டியதில்லை. வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்து மையத்தில் அட்டையைக் காட்டி, விட்டுப்போன ஊசியைப் போடச் சொல்லுங்கள். தவணை தள்ளிப்போனதால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம். விட்ட இடத்திலிருந்தே போடுவார்கள்.