கூடைப்பந்தில் மதிப்புமிகு வீரர் யார்?

கூடைப்பந்து என்றால் நம்மவர் பலருக்குச் சீனப் பள்ளித் திடலே முதலில் நினைவுக்கு வரும். தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்க்குக் காற்பந்தும் சடுகுடுவும் ஓட்டப் பந்தயமுமே பழக்கம். ஆயினும் இவ்விளையாட்டு நமக்கு அத்துணை அயலானதன்று. 1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஆசிரியரான ஜேம்ஸ் நைஸ்மித் என்பார், குளிர்காலத்தில் மாணாக்கர் உள்ளரங்கில் ஆடுவதற்கென்று இதனை வகுத்தார். பழக்கூடைகள் இரண்டை மேலே மாட்டி, அவற்றுள் பந்தை எறியச் செய்தார். அச்சங்கத்தார் சென்ற நாடெல்லாம் அவ்விளையாட்டும் உடன் சென்றது. நம் பிரிக்பீல்ட்ஸில் பாடாங் பெலியா சாலையில் நிற்கும் ஒய்.எம்.சி.ஏ. கட்டடமும், சென்னையில் 1920இல் ஹாரி குரோ பக் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரியும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

இவ்விளையாட்டில் ஆண்டுதோறும் ஒரு வழக்கு எழுகின்றது. என்.பி.ஏ. எனப்படும் அமெரிக்கத் தேசியக் கூடைப்பந்துச் சங்கம், ஒவ்வோர் ஆட்டப் பருவத்தின் முடிவிலும் 'மதிப்புமிகு வீரர்' என்று ஒருவரைத் தேர்ந்து விருதளிக்கிறது. 1955-56ஆம் பருவத்தில் பாப் பெட்டிட் என்பார் அதனை முதன்முதல் பெற்றார். அன்று தொட்டு இன்று வரை, அவ்விருது யாருக்கு உரியது என்பதில் கருத்து வேற்றுமை எழாத ஆண்டு மிகச் சிலவே. கோலாலம்பூர்க் காப்பிக் கடையில் அமர்ந்து கைப்பேசியில் ஆட்டம் பார்க்கும் நம் இளைஞரும் இவ்வழக்கில் காரசாரமாக வாதிடுகின்றனர். வழக்கின் வேர் எங்கே இருக்கின்றது என்பதை ஆராய்வோம்.

வேர் அந்தப் பெயரிலேயே இருக்கின்றது. ஆசிரியர் பயிற்சிக்குச் சென்றோர் அனைவரும் முதலாண்டிலேயே ஒரு வேறுபாட்டைக் கற்றிருப்பர். அளவிடுதல் வேறு; மதிப்பிடுதல் வேறு. ஒரு மாணவன் நூற்றுக்கு எழுபது வாங்கினான் என்பது அளவீடு. அந்த எழுபது அவனுக்கு வளர்ச்சியா தளர்ச்சியா என்று சொல்வது மதிப்பீடு. 'மதிப்புமிகு வீரர்' என்னும்போது, ஆட்டத் திறனில் யாவரினும் மேம்பட்டவரையா, தம் குழுவின் வெற்றிக்கு யாவரினும் மிகுதியாகப் பயன்பட்டவரையா, யாரைத் தேடுகிறோம்? விருது வழங்கும் சங்கம் இதற்கு இலக்கணம் வகுத்துத் தரவில்லை. வாக்களிப்பவர் தத்தம் அறிவுக்கேற்பப் பொருள் கொள்கின்றனர். பொருள் வேறுபடவே தீர்ப்பும் வேறுபடுகின்றது.

இதனை விளக்க 1961-62ஆம் பருவத்தினும் சிறந்த சான்று இல்லை. ஆதலின் அதனைச் சற்று விரிவாகவே காண்போம்.

அப்பருவத்தில் பிலடெல்பியா வாரியர்ஸ் குழுவில் ஆடிய வில்ட் சேம்பர்லின், 80 ஆட்டங்களில் 4,029 புள்ளிகள் எடுத்தார். ஆட்டத்துக்குச் சராசரி 50.4 புள்ளி. அவருக்கு முன்னும் பின்னும் எவரும் அந்த எண்ணை எட்டியதில்லை. 1962 மார்ச் 2ஆம் நாள் நியூயார்க் நிக்ஸ் குழுவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் எடுத்தவரும் அவரே. ஆட்டத்தின் முழு நேரம் 48 நிமிடம். அவர் களத்தில் நின்ற நேரமோ சராசரி 48.5 நிமிடம். கூடுதல் நேரம் ஆடப்பட்ட ஆட்டங்களையும் சேர்த்தே இக்கணக்கு வந்தது. அதாவது, மனிதர் இளைப்பாற உட்காரவே இல்லை என்று கொள்ளலாம்.

அதே பருவத்தில் சின்சினாட்டி ராயல்ஸ் குழுவின் ஆஸ்கர் ராபர்ட்சன் மற்றோர் அருஞ்செயல் புரிந்தார். ஆட்டத்துக்கு 30.8 புள்ளி, வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைப் பற்றியது 12.5 முறை, தோழர் கூடையிடும்படி பந்தைச் சேர்ப்பித்தது 11.4 முறை. மூன்று துறையிலும் சராசரி பத்துக்குக் குறையாமல் ஒரு பருவம் முழுவதும் ஆடிய முதல்வர் அவரே.

விருதோ இவ்விருவர்க்கும் கிட்டவில்லை. பாஸ்டன் செல்டிக்ஸ் குழுவின் பில் ரஸ்ஸல் அதனைப் பெற்றார். அவருடைய சராசரி 18.9 புள்ளி மட்டுமே. சேம்பர்லின் எடுத்ததில் பாதிகூட இல்லை! இஃதென்ன நியாயம் என்று வாசகர் வியக்கலாம். செல்டிக்ஸ் குழு 60 ஆட்டங்களில் வென்று 20இல் தோற்றது. வாரியர்ஸ் குழு 49 வென்று 31 தோற்றது. ராயல்ஸ் குழு 43 வென்று 37 தோற்றது என்பதை முதலில் கருத்திற்கொள்க.

அக்காலத்தில் விருதுக்கு வாக்களித்தவர் ஆட்டக்காரரே. ஆண்டின் தலைசிறந்த ஐவர் அணியைத் தெரிந்தெடுத்தவர் பத்திரிகைத் துறையினர். அவர்கள் அப்பருவத்தின் முதல் அணியில் நடு ஆட்டக்காரர் இடத்தைச் சேம்பர்லினுக்கு அளித்து, ரஸ்ஸலை இரண்டாம் அணியில் வைத்தனர். ஒரே ஆண்டு, ஒரே ஆட்டம், ஒரே இடத்தில் ஆடும் இருவர். அரங்கிலிருந்து பார்த்தோர் ஒருவரைச் சிறந்தவர் என்றனர். எதிர்நின்று மோதியோர் மற்றவரை மதிப்புமிக்கவர் என்றனர். என் கருத்தில் இவ்விரு தீர்ப்பும் ஒன்றையொன்று மறுப்பனவல்ல. கேள்விகள் இரண்டு, விடைகளும் இரண்டு.

ஆட்டக்காரர் கண்டது யாது? ரஸ்ஸலின் தொழில் தடுப்பது. எதிரி கூடையை நோக்கி எறியும் பந்தை இடைமறித்துத் தட்டுவார். தட்டிய பந்தை வெளியே போகவிடாமல் தம் தோழர் கைக்கே செல்லுமாறு திருப்பிவிடுவார். அவர் நிற்கிறார் என்ற அச்சத்தினாலேயே எதிரி எறியாமல் விட்ட பந்துகள் எத்தனையோ! இவற்றுள் ஒன்றேனும் அந்நாளைய கணக்கேட்டில் ஏறவில்லை. எறிபந்தைத் தடுத்த எண்ணிக்கையை என்.பி.ஏ. முறையாகப் பதிவு செய்யத் தொடங்கியதே 1973-74ஆம் பருவத்தில்தான். ரஸ்ஸல் அதற்கு நான்காண்டு முன்பே, 1969இல், ஓய்வு பெற்றுவிட்டார். அவர் வாழ்நாளில் செய்த தலையாய வேலைக்கு எண்ணே கிடையாது.

தோட்டத்தில் வளர்ந்தவர்க்கு இது புதிதாகத் தோன்றாது. ரப்பர் மரம் சீவிய காலத்தில், பால் நிறுக்கும் கொட்டகையில் கிராணியார் ஏட்டில் எழுதியது நிறுவையை மட்டுமே. கத்தியை ஆழமாக இறக்கியவருக்கு அன்றைக்குப் பால் கூடும். மரத்திலோ காயம் விழும். மீண்டும் வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாகும். பதமாகச் சீவியவரின் மரம் பல்லாண்டு பால் தரும். அந்தப் பதம் அன்றைய ஏட்டில் எந்தப் பத்தியிலும் இல்லை. ஆனால் பக்கத்து நிரையில் சீவியவருக்கு அது தெரியும். (சேம்பர்லினை மரத்தைக் காயப்படுத்தியவர் என்று சொல்வதாக யாரும் கொள்ள வேண்டா. ஏட்டின் குறையைச் சொல்கிறேன். ஆளின் குறையை அன்று.)

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, வலிய மறுப்பே. செல்டிக்ஸ் குழுவில் பாப் கூசி, டாம் ஹைன்சான், சாம் ஜோன்ஸ் போன்ற வல்லவர் பலர் இருந்தனர்; ரெட் அவர்பாக் போன்ற பயிற்றுநரும் வாய்த்தார். அத்தகைய குழுவில் யார் ஆடினாலும் வெல்ல மாட்டாரா? குழுவின் வெற்றியை ஒருவர் கணக்கில் எழுதுவது முறையா? இவ்வினாவுக்கு வரலாறே ஓரளவு விடை தருகிறது. ரஸ்ஸல் வருமுன் செல்டிக்ஸ் ஒருமுறையேனும் வாகை சூடியதில்லை. அவர் ஆடிய 13 பருவங்களில் 11 முறை சூடியது. இடையில் கூசி போனார், ஹைன்சான் போனார், வெற்றி போகவில்லை. ரஸ்ஸல் ஓய்வு பெற்ற மறுபருவத்தில் அக்குழு 34 வென்று 48 தோற்றது. அதற்கு முந்திய பருவக் கணக்கு 48 வெற்றி, 34 தோல்வி. எண் தலைகீழாயிற்று! சாம் ஜோன்சும் அதே ஆண்டு விலகினார் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அதனை நீக்கிப் பார்த்தாலும், 1962இல் வாக்களித்த ஆட்டக்காரர் கண் பிசகவில்லை என்றே நான் கருதுகிறேன்.

நிற்க. 1980-81ஆம் பருவம் முதல் வாக்குரிமை பத்திரிகையாளர், ஒலிபரப்பாளர் கைக்கு மாறியது. ஒவ்வொருவரும் ஐந்து பெயரை வரிசைப்படுத்துவர். முதலிடத்துக்கு 10 புள்ளி, பின் 7, 5, 3, 1. நீதிபதிகள் மாறியதும் நீதியின் சாயலும் மாறியது. 2016-17ஆம் பருவத்தில் ஓக்லஹோமா சிட்டி தண்டர் குழுவின் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக், ராபர்ட்சனுக்குப் பின் முதன்முறையாக மூன்று துறையிலும் பத்துக்கு மேல் சராசரி எட்டினார் (31.6, 10.7, 10.4). அவர் குழு 47 ஆட்டங்களே வென்றது. ஹூஸ்டன் ராக்கெட்ஸ் குழுவை 55 வெற்றிக்கு இட்டுச்சென்ற ஜேம்ஸ் ஹார்டன் இருக்க, விருது வெஸ்ட்புரூக்குக்கே சென்றது. கெவின் டுரான்ட் என்னும் பெருந்துணை முந்திய ஆண்டில் குழுவை விட்டு நீங்கியபின், தனியொருவராய்ச் சுமை தாங்கினார் என்பது அவருக்கு ஆதரவான வாதம். 1962இல் ராபர்ட்சனுக்குப் பரிசு பெற்றுத் தராத அதே சாதனை, 55 ஆண்டு கழித்து வேறொருவருக்குப் பெற்றுத் தந்த விந்தையை நோக்குக. ஆனால் 2024-25இல் டென்வரின் நிக்கோலா யோக்கிச் அவ்வாறே மூன்று துறையிலும் பத்துக்கு மேல் எட்டியும், நூறு வாக்காளரில் 29 பேரே அவரை முதலிடத்தில் வைத்தனர். 68 ஆட்டங்களில் வென்ற ஓக்லஹோமா குழுவின் ஷே கில்ஜஸ் அலெக்சாண்டரை 71 பேர் வைத்தனர். இம்முறை வெற்றிக் கணக்கு மேலோங்கிற்று.

இன்று புதிய அளவுகோல்கள் பல வந்துள்ளன. ஒருவர் களத்தில் நிற்கும்போது குழு எடுத்த புள்ளி எத்தனை, விட்ட புள்ளி எத்தனை என்று கூட்டிக் கழிக்கிறார்கள். நல்ல முயற்சியே. ஆயினும் இரு வல்லவர் எப்போதும் சேர்ந்தே களமிறங்கினால் யாருக்கு எவ்வளவு என்று அக்கணக்கு எளிதில் பிரித்துச் சொல்லாது. கயிறு இழுக்கும் போட்டியில் எட்டுப் பேரின் பலத்தைத் தனித்தனியே நிறுக்க முயல்வது போன்றது அது.

வெறும் கிண்ணத்துக்கா இவ்வளவு வாதம் என்று கேட்பாரும் உளர். கிண்ணம் மட்டுமென்றால் விட்டுவிடலாம். என்.பி.ஏ. ஒப்பந்த விதிப்படி, குறிப்பிட்ட ஆண்டுகள் ஆடிய ஒருவர் இவ்விருதை அண்மையில் பெற்றிருந்தால், குழுவின் சம்பள உச்சவரம்பில் 35 விழுக்காடு வரை கேட்கும் தகுதி பெறுகிறார். பத்திரிகையாளர் இடும் வாக்கு ஒருவரின் ஊதியத்தையே மாற்றக்கூடும். 2023-24 முதல், 82 ஆட்டங்களில் குறைந்தது 65 ஆடாதவருக்கு விருதில்லை என்றும் விதித்துள்ளனர். 2023இல் விருது பெற்ற ஜோயல் எம்பீட், மறுபருவம் காயமுற்று 39 ஆட்டங்களோடு நின்றதால் போட்டியிலேயே இடம் பெறவில்லை. இவ்விதியை நான் ஏற்கிறேன். வராதவன் எத்துணைக் கெட்டிக்காரனாயினும் வகுப்புக்கு என்ன பயன்?

நம் நாட்டுக்கு வருவோம். கிள்ளான் துறைமுகத்தின் சரக்கு முனையமொன்றின் பெயரைத் தாங்கிய வெஸ்ட்போர்ட்ஸ் மலேசியா டிராகன்ஸ் குழு, 2016இல் சிங்கப்பூர் ஸ்லிங்கர்ஸ் குழுவை மூன்றுக்கு இரண்டு என்ற ஆட்டக் கணக்கில் வென்று ஆசியான் கூடைப்பந்து லீக்கில் வாகை சூடியது. அந்த லீக்கில் மதிப்புமிகு வீரர் விருதை ஒருவருக்கே தராமல், உள்நாட்டவர்க்கு ஒன்று, ஆசியான் வழிவந்தோர்க்கு ஒன்று, பிற நாட்டிலிருந்து வருவிக்கப்பட்டோர்க்கு ஒன்று எனப் பகுத்தனர். இது வழக்கைத் தீர்க்காமல் தவிர்க்கும் உபாயம் எனச் சிலர் குறை கூறலாம். ஏழடி உயரத்து அயல்நாட்டவரோடு நம் பையனை ஒரே தட்டில் நிறுப்பதினும் இது மேல் என்பேன்.

தனியாள் போட்டியில் இத்தொல்லை குறைவு. 1966இல் நம் நாட்டில் தேசிய விளையாட்டு விருது முதன்முதல் வழங்கப்பட்டபோது, டாக்டர் மணி ஜெகதீசன் சிறந்த வீரராகவும் எம். ராஜாமணி சிறந்த வீராங்கனையாகவும் தேர்வாயினர். அவ்வாண்டு பாங்காக் ஆசிய விளையாட்டில் ஜெகதீசன் மூன்று தங்கம் வென்றார். ராஜாமணி 400 மீட்டரில் தங்கம் வென்றார். இருவரும் தமிழர் என்பது நமக்குப் பெருமை. ஓட்டத்தில் கடிகாரமே சாட்சி. அடுத்தவர் தோளில் ஏற இடமில்லை. ஐவர் கூடி ஆடும் ஆட்டத்தில் அத்தகைய சாட்சி கிடைப்பதில்லை.

பள்ளி விளையாட்டு விழாவிலும் இதே சிக்கல் உண்டு. முதலில் வந்தால் ஐந்து, இரண்டாவது மூன்று, மூன்றாவது ஒன்று என்று கூட்டி, மிகுந்த புள்ளி பெற்ற பிள்ளைக்குக் கிண்ணம் தருவது வழக்கம். வேகமாக ஓடும் பிள்ளைக்கே ஆண்டுதோறும் அது போகும். வலைப்பந்தில் காவல் நிற்கும் பிள்ளைக்கும், கயிற்றின் கடைக்கோடியில் குதிகாலை மண்ணில் ஊன்றி நிற்கும் பிள்ளைக்கும் அந்தக் கூட்டலில் இடமில்லை. ஆதலின் எங்கள் பள்ளியில் சில ஆண்டுகளாக இரண்டு கிண்ணம் வைத்திருக்கிறோம். ஒன்று புள்ளிக் கணக்குப்படி. மற்றது பிள்ளைகளின் வாக்குப்படி; தம் இல்லத்தவர்க்கு வாக்களிக்கக் கூடாது, எதிர் இல்லத்தில் யாரைக் கண்டு அஞ்சினீர்கள் என்பதே கேள்வி. இரண்டிலும் ஒரே பெயர் வந்தது இதுவரை ஒருமுறைதான். சென்ற ஆண்டு வாக்குக் கிண்ணம் பெற்றவள் வலைப்பந்தில் காவல் நின்ற ஆறாம் ஆண்டு மாணவி. ஓட்டத்தில் அவள் பெற்ற புள்ளி சுழியம். இரு கிண்ணமும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டுமா என்ற பேச்சு மட்டும் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இன்னும் ஓயவில்லை.