மலாய் தெரிந்தால் பாதி வேலை மிச்சம்: ஆப்பிரிக்கான்ஸில் நலம் விசாரிப்பது எப்படி?

கேப் டவுன் கடையில் பொட்டலத்தைக் கையில் வாங்கிக்கொண்டு 'பாய டாங்கி' என்று சொல்லிப் பாருங்கள், கடைக்காரர் முகம் மலரும். மிக்க நன்றி என்று பொருள். இதில் 'டாங்கி' டச்சுக்காரர் தந்தது. 'பாய' நம் பக்கத்துச் சரக்கு. மலாயின் 'பான்யாக்' கப்பலேறிப் போய்த் தேய்ந்து 'பாய' ஆனது என்பது மொழியறிஞர்கள் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்ட கருத்து. பிசாங் கோரெங்கைக் கிச்சாப் சம்பலில் தொட்டுச் சாப்பிடும் ஜொகூர்க்காரருக்கு, அங்கே வாழைப்பழத்தின் பெயர் 'பீசாங்' என்பதை மனப்பாடம் செய்யவா வேண்டும்? தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைக்கும் தட்டு 'பீரிங்', பிரம்பு 'ரோத்தாங்'. நம் பிளாச்சான் மட்டும் 'பிளாச்சாங்' என்று பெயரளவில் போய்ச் சேர்ந்து, அங்கே பழச் சட்னியாக மாறிவிட்டது. கட்டிலுக்கு 'காட்டல்' என்கிறார்கள். மலாயின் 'காத்தில்' போலவே அதுவும் நம் கட்டிலிலிருந்து கிளம்பியதுதான்.

இந்த உறவில் ஜொகூருக்கும் பங்கு உண்டு. 1641இல் போர்த்துகீசியரிடமிருந்து மலாக்காவைப் பறிக்க டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் துணை நின்றது ஜொகூர் சுல்தானகம். அடுத்த பதினோராவது ஆண்டில், 1652இல், அதே கம்பெனி தன் கப்பல்கள் இளைப்பாறிச் செல்ல ஆப்பிரிக்காவின் தென்முனையில் ஒரு தங்குதுறை அமைத்தது. ஜாவா, சுலாவேசி முதலிய தீவுகளிலிருந்தும், வங்கம், மலபார், சோழமண்டலக் கரைகளிலிருந்தும் மனிதர்களை அடிமைகளாக அங்கே கொண்டுபோய் இறக்கியது. எதிர்த்தவர்களை நாடு கடத்தியது. மக்காசார் ஷேக் யூசுஃப் 1694இல் அப்படிப் போனவர். எசமானரின் டச்சு இவர்கள் வாயிலும், அங்குள்ள கொய்கொய் மக்கள் வாயிலும் புகுந்து புறப்பட்டதில் உருவானது ஆப்பிரிக்கான்ஸ். கேப் முஸ்லிம்கள் அதை அரபு எழுத்தில் எழுதினார்கள். அபூபக்கர் எஃபெண்டி அவ்வாறு எழுதிய மார்க்க நூல் 1877இல் இஸ்தான்புல்லில் அச்சானது. ஜாவி எழுத்தைப் பார்த்துப் பழகிய நமக்கு இதில் வியப்பு குறைவாகவே இருக்கும்.

இனி வாயைத் திறப்போம். காலையில் 'ஹூய மோர', பிற்பகலில் 'ஹூய மிடாஹ்', மாலையில் 'ஹூய நாண்ட்'. அவசரக்காரர்கள் வெறும் 'மோர' என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார்கள். 'ஹூய நாஹ்' இரவு விடைபெறும்போது மட்டும் சொல்வது. விருந்துக்குப் போய் வாசலிலேயே அதைச் சொன்னால், வந்ததும் கிளம்புகிறீர்களா என்பார்கள். இங்கே 'ஹ' என்று எழுதியிருப்பது தமிழ் எழுத்தின் போதாமையால். 'ஆப்பா காபார்' என்பதில் வரும் 'கா'வை ஓர் உஸ்தாஸ் அரபு முறைப்படி உச்சரித்தால் தொண்டையை உரசிக்கொண்டு வருமே, அதுதான் ஆப்பிரிக்கான்ஸின் 'ஜி' எழுத்து. இது ஒன்று பிடிபட்டால் மற்றவை தானாக வரும்.

நலமா என்று கேட்க 'ஹூ ஹான் டிட்?'. பதில்: 'ஹூட், டாங்கி. என் மெட் யோ?' நலம், நன்றி, நீ எப்படி என்று பொருள். அந்தக் கடைசிச் சொல் நம் காதில் ஏறக்குறைய 'யோவ்' என்றே விழும். அதட்டுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். ஆனால் வயதில் மூத்தவரிடம் அதை நாமும் சொல்லக் கூடாது. புத்தகம் படித்துக் கற்பவர்கள் பலரும் கவனிக்காத இடம் இது. மரியாதைக்கு 'யூ' என்ற தனிச் சொல் இருக்கிறது. உதட்டைக் குவித்துச் சொல்ல வேண்டிய அது பெரும்பாலும் அலுவலகத்துக்கும் கடிதத்துக்கும் உரியது. வீட்டிலும் தெருவிலும் மூத்த ஆணை 'ஊம்', மூத்த பெண்ணை 'டானி' என்பார்கள். மாமா, அத்தை என்ற உறவுப் பெயர்கள்தாம், முன்பின் தெரியாதவருக்கும் பொருந்தும். அதோடு நிற்காது. 'நீங்கள்' வர வேண்டிய இடத்திலெல்லாம் அந்த உறவுப்பெயரே வரும்: 'ஹூ ஹான் டிட் மெட் ஊம்?' பக்கத்து வீட்டு மலாய்ப் பெரியவரிடம் 'பாக் சிக் சுடா மாக்கான்?' என்று கேட்டு வளர்ந்தவருக்கு இதை விளக்கவே வேண்டாம். ஐரோப்பாவிலிருந்து வந்து கற்பவர்தான் இங்கே தடுமாறுவார். வினைச்சொல்லும் மலாயைப் போலவே சாது. நான், நீ, அவன் என்று ஆளுக்கு ஆள் மாறாது.

விடைபெற 'டொட்சீன்ஸ்'. மீண்டும் காணும்வரை என்று பொருள், நம் 'பார்க்கலாம்' மாதிரி. இளையவர்கள் 'பாய்' என்று முடித்துக்கொள்வார்கள். எனக்குப் பிடித்தது வேறு இணை. போகிறவருக்கு 'மோய் லூப்', நல்லபடியாகப் போய் வாருங்கள். அவர் பதிலுக்கு, இருப்பவரைப் பார்த்து 'மோய் பிளேய்', நல்லபடியாக இருங்கள். செலாமாட் ஜாலான், செலாமாட் திங்கால் என்ற அதே பாகுபாடு. ஒரு எச்சரிக்கை: 'நௌ-நௌ' வருகிறேன் என்று ஒருவர் சொன்னால், உடனே வருவார் என்று வாசலில் நிற்காதீர்கள். 'நௌ' என்றால் இப்போது. இரட்டித்தால் கொஞ்ச நேரம் கழித்து. 'நெட்-நௌ' என்றால் இன்னும் தாமதம்.

கேப் டவுனின் போ-காப் பகுதி முஸ்லிம் வீடுகளில் ஸலாம்தான் முதல் வார்த்தை. அங்கே முதியவர்கள் நன்றிக்கு 'திராமகாசி' என்பதையும், தயவுசெய்து என்பதற்குக் 'கனாலா' என்பதையும் கேட்கலாம். பின்னது 'காரெனா அல்லா' என்பதன் சுருக்கம். நோன்புப் பெருநாளை 'லபாராங்' என்கிறார்கள்.

ஆனால் தென்னாப்பிரிக்கர் எல்லாருக்கும் இந்த மொழி இனிக்காது. பள்ளிகளில் ஆப்பிரிக்கான்ஸைப் பயிற்றுமொழியாகத் திணித்ததை எதிர்த்து 1976 ஜூன் 16 அன்று சொவெட்டோ மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள், போலீஸ் சுட்டது. அந்த நினைவு ஆறவில்லை. அதே சமயம் இதை வெள்ளையர் மொழி என்று ஒதுக்குவதும் பிழை. 2011 கணக்கெடுப்பில் இதை வீட்டுமொழியாகச் சொன்ன ஏறத்தாழ 68 இலட்சம் பேரில் பாதிக்கு மேற்பட்டோர் வெள்ளையர் அல்லர்.

ஆகவே இடம் பார்த்துப் பேசுங்கள். 1860இல் சென்னையிலிருந்து டுரூரோ கப்பலில் போனவர்களின் வழித்தோன்றல்கள் வாழும் டர்பனில் ஆங்கிலம் போதும். அங்குள்ள தமிழரிடம் வணக்கம் என்றே தொடங்கலாம். கேப் பக்கம் போகிறவர்கள் 'ஹூய மோர'வைத் தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை, பெரியவர்களிடம் ஊம், டானியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.