பட்டான்செருவின் நரி ஓடை

நம் சங்கத்துக் குடும்பங்களில் பெரும்பாலோர் மும்பை நெடுஞ்சாலை வழியே நாள்தோறும் போய்வருகின்றனர். வழியில் ஒரு கரிய நீர்த்தாரையைக் கடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு ‘சாக்கடை’ என்கின்றனர். அது சாக்கடையன்று. நக்கவாகு என்னும் பெயருடைய ஓடை அது. தெலுங்கில் ‘நக்க’ என்றால் நரி, ‘வாகு’ என்றால் ஓடை. இதனுடன் வந்து கலக்கும் சிற்றோடைக்கு இசுகவாகு என்று பெயர், அதாவது மணலோடை. மணலும் நரியும் இவ்விடத்தில் மிகுதியாக இருந்த காலத்தில் இட்ட பெயர்களாதல் வேண்டும். எங்கள் ரயில்வேக் கணக்கில் ஓடை என்பது பாலத்தின் எண் மட்டுமே. ஊரார் கணக்கில் அதற்குப் பெயர் உண்டு, குணமும் உண்டு.

பட்டான்செரு கடல் மட்டத்திற்கு மேல் சற்றேறக்குறைய 540 மீட்டர் உயரத்திலுள்ள தக்காணப் பீடபூமியில் அமைந்தது. அடியில் கருங்கல், மேலே ஓரிடத்தில் செம்மண், அடுத்த இடத்தில் கரிசல். இவ்விருவகை நிலமும் அருகருகே கிடைப்பது உழவு ஆராய்ச்சிக்கு மிகவும் வாய்ப்பானது. 1972-இல் இங்கே நிறுவப்பட்ட சர்வதேசப் பயிராராய்ச்சி நிலையமாகிய இக்ரிசாட், சோளம், கம்பு, துவரை, கொண்டைக்கடலை, நிலக்கடலை ஆகியவற்றை இவ்விரு மண்ணிலும் பயிரிட்டு ஆராய்கிறது. ஆண்டு மழை சுமார் 800 மில்லிமீட்டர். அதிற் பெரும்பங்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்துவிடும். ஐப்பசி மழையை எதிர்நோக்கிப் பழகிய நம்மவர்க்கு ஆடி, ஆவணியில் ஓடை பெருகுவது முதலில் வியப்பாகவே தோன்றும்.

நக்கவாகு வடமேற்காக ஓடி மஞ்சீரா ஆற்றில் விழுகிறது. மஞ்சீரா மகாராஷ்டிரத்துப் பாலாகாட் மலையிற் பிறந்து, 1931-இல் கட்டி முடிக்கப்பட்ட நிஜாம்சாகர் அணையைக் கடந்து, கந்தகுர்த்தி என்னுமிடத்தில் கோதாவரியோடு சேர்கிறது. ஆகவே நம் தெருவில் பெய்யும் மழையும் வங்கக் கடலுக்குக் கோதாவரி வழியாகவே செல்கிறது. இதே மஞ்சீராவில், சங்காரெட்டிக்கு அருகே, 1978 முதல் முதலைகளுக்கென ஒரு சரணாலயம் உண்டு என்பதைப் பிள்ளைகளுக்குச் சொன்னால் மகிழ்வர்.

இனி ஓடையின் உயிர்களைக் காண்போம். நீரருகே குந்தியிருக்கும் மடையான், எருமையின் காலடியில் திரியும் உண்ணிக்கொக்கு, கம்பியில் அமர்ந்து குறிபார்க்கும் வெண்தொண்டை மீன்கொத்தி ஆகியவை நம்மூர்க் குளக்கரைகளில் கண்டவையே. கரையின் வெற்று நிலத்தில் கூடின்றி முட்டையிடும் ஆள்காட்டி, அயலார் நெருங்கினால் ஊரையே கூட்டிவிடும். மழைக்காலத்தில் நீரின்மேல் சாய்ந்த மரக்கிளைகளில் தூக்கணாங்குருவி கூடு பின்னும். நீண்ட சிவந்த கால்களையுடைய நெடுங்கால் உள்ளானோ அழுக்கு நீரிலும் கூசாமல் நடந்து இரை தேடும். ஆதலால் அதனைக் கண்டு நீர் தூயது என்று எவரும் எண்ணிவிடலாகாது. மீன்களில் விராலும் கெளுத்தியும் நீர்மட்டத்திற்கு வந்து காற்றை விழுங்க வல்லவை. பிராணவாயு குன்றிய நீரில் பிற மீன்கள் மாள, இவை தாக்குப்பிடிக்கும். கடையில் ‘கொர்ரமேனு’ என்று கேட்டால் கிடைப்பது நம் விராலே. தெலங்கானாவின் மாநில மீனும் அதுவே.

ஆனால் காற்றை விழுங்கித் தப்ப முடியாத நஞ்சும் உண்டு. 1970-களில் இங்கே தொழிற்பேட்டைகள் எழுந்தன. அவற்றுள் மருந்து மூலப்பொருள் செய்யும் ஆலைகள் பல. கழிவு ஓடையில் விழவே, போச்சாரம் போன்ற கரையோர ஊர்களில் வயலும் கிணறும் கெட்டன. 1990-இல் உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. உழவர்களுக்கு இழப்பீடு வழங்க ஆணையும் பிறந்தது. 1994-இல் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஏற்பட்டது. எனினும், சுமார் 90 ஆலைகளின் கழிவைப் பெற்ற அந்நிலையத்திலிருந்து வெளியேறிய நீரை ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் சோதித்து 2007-இல் வெளியிட்ட முடிவு உலகையே திகைக்க வைத்தது. ஒரு லிட்டரில் 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின்! மருந்துண்ட நோயாளியின் இரத்தத்தில் காணப்படுவதைக் காட்டிலும் இது அதிகம். 2009-இல் மற்றொரு சோதனையில், ஆயிரத்தில் இரண்டு பங்கு மட்டுமே அக்கழிவு கலந்த நீரில் வளர்ந்த தவளைக்குஞ்சுகள் நூற்றுக்கு நாற்பது பங்கு வளர்ச்சி குன்றின. மருந்துக்கு அஞ்சாத கிருமிகள் இத்தகைய நீரில்தான் தழைக்கின்றன. நம் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு மருந்து பலிக்காதபோது, ஓடை நமக்கு அயலானதன்று என்பது விளங்கும்.

பின்னர் அந்நிலையத்து நீரை 18 கிலோமீட்டர் குழாய் வழியே நகரச் சாக்கடையோடு கூட்டி அம்பர்பேட்டைக்கு அனுப்ப ஏற்பாடாயிற்று. அம்பர்பேட்டை மூசிக்கரையில் உள்ளது. மூசியோ கிருஷ்ணையின் கிளை. கோதாவரிக்குப் போனது கிருஷ்ணைக்குப் போகலாயிற்று! இதனால் நக்கவாகுவின் பாரம் சற்றுக் குறைந்திருக்கலாம். வட்டாரத்தின் துன்பம் தீர்ந்தபாடில்லை. 2017-இல் அருகிலுள்ள கண்டிகூடம் ஏரியில் மீன்கள் திரளாகச் செத்து மிதந்தன.

இதற்கு மாறான காட்சியும் அண்மையிலேயே உண்டு. குதுப்ஷாஹி மன்னர் காலத்து அமீன்பூர் ஏரி, 2016-இல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. நகர்ப்புற நீர்நிலைகளில் அச்சிறப்பை முதலில் பெற்றது அதுவே. குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் அங்கே இறங்குகின்றன. சில ஆண்டுகளில் பூநாரையும் வருவதுண்டு. மார்கழி, தை மாதங்களின் ஞாயிறு விடியலில், குழந்தைகளோடு ஏழு மணிக்குள் சென்றால் நன்கு காணலாம். திரும்பும் வழியில் நக்கவாகுப் பாலத்தருகே சற்றே நின்று, நீரின் நிறத்தையும், எத்தனை மீன்கொத்தி, எத்தனை நெடுங்கால் உள்ளான் என்பதையும் பிள்ளைகள் குறித்துவருவார்களாயின், அக்குறிப்புகளை இம்மலரில் மாதந்தோறும் வெளியிடலாம்.