தனிப் பணியிடமும் குழுப் பணியிடமும்: வளைகுடாத் தமிழ்க் கணிமை குறித்து ஒரு விளக்கம்

2003ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவைத் தொடக்க ஆண்டுகளில் முன்னின்று வளர்த்தவர், ஐக்கிய அரபு அமீரகத்தில் பணியாற்றிய கட்டடக்கலைஞர் இ. மயூரநாதன். அங்குப் பயனர் தம் மணல்தொட்டியில் வரைவை எழுதிப் பார்த்துப் பின்னர்ப் பொதுவெளிக்கு நகர்த்துவார். திருத்த வரலாறு பதிவாவதால், எழுதியவர் விலகினும் பணி தொடரும்.

இத்தகைய தளங்களின் தரவை நிரல்வழிப் பெற உதவுபவை ஏபிஐகள். அவற்றை உருவாக்கிச் சோதிக்கும் போஸ்ட்மேன் கருவியிலும் இதே பாகுபாடு உண்டு. தனிப் பணியிடம் உரியவருக்கு மட்டுமே புலப்படும். முயற்சிகளுக்கு உரிய இடம் அது. குழுப் பணியிடத்தில் உள்ளதை உறுப்பினர் அனைவரும் காண்பர். அங்குள்ள தொகுப்பின் கிளைப்படியைத் தனியிடத்தில் திருத்தி, இணைப்புக் கோரிக்கை வழியே பிறர் ஒப்புதலுடன் மீளச் சேர்க்கலாம். அணுகல் சாவிகளைப் பகிரப்படும் மாறிகளில் இடலாகாது.

வளைகுடாவில் பணி ஒப்பந்தம் முடிந்தால் நாடு மாற நேரும். நிறுவன மின்னஞ்சலும் உடன் முடியும். அம்முகவரியில் திறந்த தனிப் பணியிடத்தில் தேங்கிய தன்னார்வ உழைப்பும் எட்டாமற் போகும். ஆகவே, முடிந்த பணி குழுவிடம் சேர வேண்டும். குழுவிற்கு நிர்வாகியர் இருவரேனும் வேண்டும்.